அழிந்த அட்டவணையும் அழியாத ஏடுகளும்

ஏடுகளை இழத்தல் பரந்தன் மக்களுக்குப் புதிதன்று. 2009இல் முடிவுற்ற போரில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றின் சான்றிதழ்களும் நிழற்படங்களும் வீட்டோடு அழிந்தன. எஞ்சியவற்றை இன்று கணினியின் வன்தட்டிற் சேமித்து வைக்கின்றோம். அத்தட்டினைக் கைதவறிப் 'போர்மற்' செய்துவிட்டால் யாது செய்வது என்பதை ஈண்டு நோக்குவாம்.

வன்தட்டின் ஒரு பிரிவை ஒரு நூலகமாகக் கொள்க. எந்நூல் எவ்விடத்துளது என்பதைக் காட்டும் அட்டவணை ஒன்று அதில் உண்டு. விரைவு முறையிற் போர்மற் செய்யும்போது அவ்வட்டவணையே புதிதாக எழுதப்படுகின்றது; நூல்களோ பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கிடக்கின்றன. ஆதலின், அத்தட்டில் மேலும் யாதொன்றையும் எழுதாது நிறுத்துதலே முதற் கடமையாகும். அடுத்து, தட்டு முழுவதையும் வேறொரு தட்டிற் பிரதிசெய்து, அப்பிரதியிலேயே தேடுதல் வேண்டும். 'டெஸ்ட்டிஸ்க்' என்னும் இலவச மென்பொருள் தொலைந்த பிரிவுகளைக் கண்டறிய உதவும். அதனோடு வரும் 'போட்டோரெக்', கோப்புகளை அவற்றின் தொடக்கக் குறிகளால் இனங்கண்டு மீட்கும். ஆயின் பழைய பெயர்கள் பெரும்பாலும் மீளா.

இதற்கு விலக்குகளும் உள. விண்டோஸ் விஸ்டா முதலாக, முழுமுறைப் போர்மற் தட்டெங்கும் பூச்சியங்களை எழுதிவிடும். எஸ்.எஸ்.டி. வகைத் தட்டுகளில் 'ட்ரிம்' என்னும் கட்டளை பழைய தரவுகளை விரைவில் அகற்றிவிடக்கூடும்.

மறைகுறியாக்கிய பிரிவின் நிலை வேறு. நாம் தட்டும் கடவுச்சொல் மெய்யான திறவுகோலன்று. மெய்த்திறவுகோல் பிரிவின் தலைப்பகுதியிற் பூட்டப்பட்டுளது. கடவுச்சொல் அப்பூட்டை மட்டுமே திறக்கும். தலைப்பகுதி அழியின், கடவுச்சொல் நினைவிலிருந்தும் பயனில்லை. வெராக்ரிப்ட் அத்தலைப்பகுதியின் பிரதியொன்றைப் பிரிவின் இறுதியில் வைத்துள்ளது. பிட்லொக்கர் தன் குறிப்புகளை மூன்றிடங்களில் எழுதுவதால், 48 இலக்க மீட்புத் திறவுகோலை உடையார்க்கு நம்பிக்கை உண்டு. லினக்ஸில் வழங்கும் லக்ஸ் முறையிலோ திறவுகோல் தலைப்பகுதியில் மட்டுமே உளது. அதன் பிரதியை நாமே முன்கூட்டி எடுத்து வேறிடத்திற் காத்தல் வேண்டும்.

பழைய மாணவர்காள்! உங்கள் வீட்டு வன்தட்டிலுள்ள வகுப்புப் படம் கல்லூரியின் வரலாற்றில் ஓர் ஏடாகும். மீட்கும் வித்தையை அறிந்திருத்தல் நன்று. ஒன்றை ஈரிடத்து வைத்தல் அதனினும் நன்று.