ஆச்சியும் பேரனும் ஒரு தூண்டிலும்!

"ஆச்சி, எனக்கு மீன் பிடிக்கச் சொல்லித் தாங்க!"

மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக டெக்சாஸ் போய் இறங்கிய நாலாம் நாள், எட்டு வயதுப் பேரன் இப்படிக் கேட்டான். தூத்துக்குடிக்காரி என்றால் தூண்டிலோடு பிறந்தவள் என்று நினைப்பு! எனக்கு மீனைச் செவுள் தூக்கிப் பார்த்து வாங்கத் தெரியும், குழம்பு வைக்கத் தெரியும். பிடிக்க? சத்தியமாகத் தெரியாது.

மாப்பிள்ளைக்கு ஆபீஸ். மகளுக்கு எட்டாம் மாதம். பையனோ விட்டால் நாள் முழுக்க டேப்லெட்டும் கையுமாக இருக்கிறான். கடைசியில் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டிதான் கை கொடுத்தார். அவர் கற்றுத் தந்ததைச் சொல்கிறேன். அங்கே பிள்ளைகளை வளர்க்கும் சகோதரிகளுக்கு உபயோகப்படும்.

அந்த ஊரில் எல்லோரும் ஆசையாகப் பிடிப்பது 'பாஸ்' என்கிற ஏரி மீன். வாய் பெரிசு, உடம்பு பச்சை. (ஹோட்டலில் நம் கொடுவாயை 'சீ பாஸ்' என்கிறார்களே, அது வேறு ஜாதி.) டெக்சாஸில் பதினேழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு லைசென்ஸ் வேண்டாம், பெரியவர்களுக்கு வேண்டும். ஆனால் மாநிலப் பூங்காவுக்குள் கரையில் நின்று பிடித்தால் பெரியவர்களுக்கும் வேண்டாம். நாங்கள் அப்படி ஒரு பூங்காவுக்குத்தான் போனோம்.

ஆரம்பத்திலேயே காசைக் கொட்டாதீர்கள். ஆறடிக்குள் ஒரு கோல், பொத்தான் வைத்த ரீல், எட்டு அல்லது பத்து பவுண்டு நைலான் நரம்பு போதும். பொத்தானை அழுத்திக்கொண்டே கோலைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசும்போது விட வேண்டும். முள்ளே கட்டாமல் ஒரு ஈயக்குண்டை மட்டும் கட்டி, வீட்டுப் புல்தரையில் ஒரு வாரம் பழகினோம். நான் வீசியது இரண்டு தடவை மரத்தில் போய் மாட்டிக்கொண்டது!

இரைக்கு மண்புழுவைத் தொட வேண்டுமோ என்று பயந்தேன். வேண்டாம், ரப்பர் மாதிரி வழவழவென்று பிளாஸ்டிக் புழு கிடைக்கிறது. 1949ல் ஒஹையோவில் நிக் க்ரீம் என்பவரும் அவர் மனைவி காஸ்மாவும் வீட்டிலேயே காய்ச்சி வார்த்த சரக்காம் அது! முள்ளின் நுனியைப் புழுவின் தலையில் குத்தி வெளியே இழுத்து, திருப்பி, மறுபடி அதன் உடம்புக்குள்ளேயே ஒளித்துவிட வேண்டும். அப்போதுதான் பாசியில் மாட்டாது. முள்ளில் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொடுக்கைக் குறடால் நசுக்கிவிடுங்கள். தப்பித் தவறிப் பிள்ளையின் விரலில் ஏறினாலும் சுலபமாக வெளியே வரும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். வீசுவதற்கு முன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பதும் கட்டாயம்.

பாஸ் நடு ஏரியில் சும்மா சுற்றாது. விழுந்த மரம், பாசி, படகுத்துறை நிழல், இப்படி எங்காவது பதுங்கியிருந்து பாயும். காலையும் சாயங்காலமும் நல்ல நேரம்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை. மகளை மடக்கு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, கரையோரமாக வீசினான் பேரன். 'துப் துப்' என்று நரம்பு ஆடி, பக்கவாட்டில் நகர்ந்தது. "தூக்குடா!" என்று கத்தினேன். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு குதித்தது மீன்! அளந்தால் பதினைந்து அங்குலம். பொதுவாகப் பதினாலு அங்குலம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். (சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு.)

"அம்மாவுக்குக் குழம்பு வைங்க ஆச்சி!"

எனக்கும் ஆசைதான். பிள்ளைத்தாய்ச்சி, வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு! மகள்தான் தடுத்தாள். "வேண்டாம்மா, பாதரசம் இருக்கும்."

அவள் சொன்னது சரி. சின்ன மீன்களைத் தின்று தின்று, அவற்றிலுள்ள பாதரசமெல்லாம் பாஸின் உடம்பில் சேர்ந்துவிடுகிறது. வயதான பெரிய மீனில் இன்னும் அதிகம். கழுவினாலும் போகாது, கொதிக்க வைத்தாலும் போகாது. வயிற்றிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. தாங்களே பிடித்த மீனைத் தின்பதற்கு முன், அந்த ஏரிக்குச் சுகாதாரத் துறை எச்சரிக்கை உண்டா என்று பார்க்கச் சொல்கிறார்கள். விவரமே இல்லையென்றால் வாரத்துக்கு ஒரே ஒரு வேளை; அந்த வாரம் வேறு மீன் கூடாது. அதற்காக மீனையே ஒதுக்கிவிடாதீர்கள். மத்தி, நெத்திலி, சால்மன் எல்லாம் கர்ப்பிணிகளுக்கு நல்லது.

பேரனுக்குக் கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. முதல் மீனாயிற்றே! அப்போது அந்தப் பாட்டி அவன் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னார். வசந்த காலத்தில் பெண் பாஸ் கரையோரம் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுமாம். காவல் இருப்பது ஆண் மீன். அதைத் தூக்கிவிட்டால், மற்ற மீன்கள் வந்து முட்டைகளைக் காலி செய்துவிடும்.

"இது அப்பா மீனா?"

"இருக்கலாம்."

பையன் கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டான். உலர்ந்த கையால் பிடித்தால் மீன் மேலுள்ள வழவழப்பு போய் நோய் வந்துவிடும். கீழ்த்தாடையை ஒரு கையில் பிடித்து, வயிற்றை மறு கையில் தாங்கி, மெள்ளத் தண்ணீருக்குள் விட்டான். ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு வாலை ஒரு அடி அடித்து, அவன் முகமெல்லாம் நனைத்துவிட்டு, வந்த இடத்துக்கே ஓடியது.

ராத்திரி தூத்துக்குடியிலிருக்கும் தாத்தாவுக்கு ஃபோன் போட்டான். அதற்குள் மீன் இரண்டடி வளர்ந்திருந்தது!