போன்ல இருந்தே ஹாம் ரேடியோ: வைஃபை மூலம் இயக்குவது எப்படி?

ரேடியோ மொட்டை மாடி அறையில் இருக்கிறது. நீங்கள் கீழே ஹாலில், கையில் போனோடு. அங்கிருந்தே அலைவரிசையை மாற்றலாம், வேறொரு நாட்டில் இருப்பவரிடம் பேசலாம். ‘ஹாம்’ எனப்படும் அமெச்சூர் ரேடியோவில் இப்போது இது சாத்தியம்.

வாட்ஸ்அப் கால் போதாதா?

வாட்ஸ்அப்புக்கு நெட் வேண்டும். ஹாம் ரேடியோவுக்கு அது வேண்டாம். சிற்றலைகள் வானில் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, பல ஆயிரம் கி.மீ. தாண்டிப் போகும். இங்கே போன் வெறும் ரிமோட், மைக், ஸ்பீக்கர். அவ்வளவுதான். சிக்னலை அனுப்புவது ரேடியோதான்.

எப்படி வேலை செய்யுது?

2020-ல் விற்பனைக்கு வந்த ஐகாம் ஐசி-705 ரேடியோவை எடுத்துக்கொள்வோம். சுமார் 1.1 கிலோ எடை. உள்ளேயே வைஃபை, புளூடூத் உண்டு. போனில் இருக்கும் ஆப் ‘இந்த அலைவரிசைக்கு மாறு’, ‘இப்போது ஒலிபரப்பு’ என்று கட்டளைகளை அனுப்பும். குரல் தனியாக இரு பக்கமும் போய்வரும். ரவுட்டர் இல்லையா? ரேடியோவே ஹாட்ஸ்பாட் ஆகிவிடும்.

வைஃபை இல்லாத பழைய ரேடியோ என்றால், ராஸ்பெர்ரி பை போன்ற குட்டி கம்ப்யூட்டரை கேபிளில் இணைத்து, அதை நெட்வொர்க்கில் சேர்ப்பார்கள். கம்ப்யூட்டர் வழியாகக் கட்டளை வாங்கும் வசதி மட்டும் அந்த ரேடியோவில் இருக்க வேண்டும்.

என்ன லாபம்?

7 மெகாஹெர்ட்ஸில் பேச, சாதாரண டைபோல் ஆன்டெனாவே சுமார் 20 மீட்டர் நீளம் வரும். ஃபிளாட்டில் அதை எங்கே கட்டுவது? போதாக்குறைக்கு எல்இடி பல்பு, சார்ஜர் கிளப்பும் இரைச்சல் வேறு. ரேடியோவை ஊரில் உள்ள வீட்டில் வைத்து, நகரத்தில் இருந்து நெட் வழியாக இயக்கினால் இந்தத் தொல்லைகளைத் தவிர்க்கலாம்.

எதில் கவனம் தேவை?

பேசிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால், ரேடியோ ஒலிபரப்பிலேயே நின்றுவிடலாம். மற்றவர்களுக்கு இடையூறு, ரேடியோவும் சூடாகும். எனவே குறிப்பிட்ட நேரத்தில் தானாக நிறுத்தும் ‘டைம்-அவுட் டைமர்’ செட்டிங்கை ஆன் செய்வது அவசியம். நெட்டில் இணைக்கும்போது வலுவான பாஸ்வேர்டும் விபிஎன்னும் வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் ரேடியோவில் வேறு யாராவது பேசுவார்கள்.

புயல் வந்தால்?

2004 சுனாமியின்போது அந்தமானின் போர்ட் பிளேரில் இருந்து தகவல் அனுப்பக் கைகொடுத்தது ஹாம் ரேடியோ. அப்படியொரு நாளில் நெட் போய்விட்டால், ஊரில் இருக்கும் ரேடியோ நகரத்தில் இருக்கும் உங்களுக்கு உதவாது. பக்கத்தில் இருக்கும் ரேடியோவும் பேட்டரியும்தான் உதவும். அதனால் ஆப் பழகினாலும், ரேடியோவை நேரடியாகக் கையில் இயக்கவும் பழக வேண்டும்.

லைசென்ஸ் வேண்டுமா?

கண்டிப்பாக. ஆப் டவுன்லோடு செய்துவிட்டதாலேயே ஒலிபரப்ப முடியாது. இந்தியாவில் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு நடத்தும் தேர்வில் தேறி, லைசென்ஸும் அழைப்புக் குறியீடும் பெற வேண்டும். 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். ‘ரெஸ்ட்ரிக்டட்’ கிரேடுக்கு மோர்ஸ் தேர்வு கிடையாது. முதலில் தேர்வுக்குப் படிங்க, ரேடியோவை அப்புறம் வாங்கலாம்.