பெட்ரி தட்டும் தயிர்க் கிண்ணமும்

அறிவியல் கண்காட்சிக்காக வீட்டில் பாக்டீரியா வளர்க்க விரும்பும் மாணவர் முதலில் உணர வேண்டியது, கதவுக் கைப்பிடியிலும் கைப்பேசியிலும் சிதறிக் கிடக்கும்போது பெரும்பாலும் தீங்கு செய்யாத நுண்ணுயிர்கள், வளர்க்கப்பட்ட பின் அதே நிலையில் இருப்பதில்லை என்பதாகும். உணவும் வெப்பமும் வாய்த்தால் சிலவகை பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகின்றன. அவ்வேகம் தடையின்றித் தொடருமானால் ஒற்றைச் செல் 10 மணி நேரத்தில் 30 முறை இரட்டித்து 107 கோடியாகிவிடும். வளர்ப்புக்கான பெட்ரி தட்டில் குண்டூசித் தலையளவு தெரியும் புள்ளியான 'காலனி' என்பது இவ்வாறு பெருகிய பல லட்சம் செல்களின் கூட்டம். அது நோய் விளைவிப்பதா இல்லையா என்பதை நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் கொண்டு உறுதியாகச் சொல்லத் தேர்ந்த நுண்ணுயிரியலாளராலும் இயலாது.

இவ்வளர்ப்புக்குத் தளமாக அமையும் அகர், செந்நிறக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படும் கூழ்ப்பொருளாகும். மளிகைக் கடையில் 'சைனா கிராஸ்' என விற்கப்படுவதும், ராமேசுவரம் பகுதிப் பெண்கள் மன்னார் வளைகுடாவில் மூழ்கிச் சேகரிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்து கிடைப்பதும் இதுவே. ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் அகருக்கு முன் பயன்பட்ட ஜெலட்டின், உடல் வெப்பமான 37 டிகிரி செல்சியஸில் உருகி ஓடியதோடு, சில பாக்டீரியாக்களால் செரிக்கப்பட்டு நீராகவும் ஆனது. அங்கு ஆய்வு செய்துவந்த வால்தர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, சமையலறையில் தாம் பழக்கூழ் செய்யப் பயன்படுத்திவந்த அகரை 1881இல் பரிந்துரைத்தார். ஏறத்தாழ 85 டிகிரியில் உருகி 40 டிகிரிக்குக் கீழே உறையும் அது 37 டிகிரியில் திடமாகவே நின்றதால், மனிதருக்கு நோய் உண்டாக்கும் கிருமிகளை அவற்றுக்கு உகந்த வெப்பத்திலேயே வளர்க்க வழி பிறந்தது.

ஆய்வகத்துக்கு வரமான அந்தப் பண்புதான் வீட்டில் அச்சத்துக்குரியது. பிரிட்டன் பள்ளிகளில் தட்டுகளை 25 டிகிரிக்கு மேல் வைக்கலாகாது என்று கற்பிக்கப்படுவதற்குக் காரணம், உடல் வெப்பத்துக்குப் பழகிய கிருமிகள் 25 டிகிரிக்குக் கீழே மெதுவாகவே பெருகும் என்பதே. குளிர்நாட்டுப் புத்தகங்களில் உள்ளபடி தட்டை அறை வெப்பநிலையில் விட்டுவைத்தால், சித்திரை மாதத்து மதுரையில் அலமாரியே கிருமி வளர்ப்புப் பெட்டியாகிவிடும்.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடைபெறும் பன்னாட்டு அறிவியல், பொறியியல் கண்காட்சியின் விதிகள், மாதிரியை வீட்டில் எடுக்க இசைந்தாலும் வளர்ப்பதை ஆய்வகத்திலேயே செய்ய வேண்டும் என்கின்றன. கடுமையாகத் தோன்றினும் இது நியாயமான விதியே. பள்ளி ஆய்வகத்திலும் எச்சில், புண், கழிப்பறை, பச்சை இறைச்சி ஆகியவற்றிலிருந்து மாதிரி எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். மூடியைச் சுற்றிலும் ஒட்டிவிட்டால் காற்றில்லாச் சூழலை விரும்பும் தீய கிருமிகளுக்கு அது வாய்ப்பாகும் என்பதால், இரண்டு மூன்று இடங்களில் மட்டும் டேப் ஒட்டி, மூடியில் படியும் நீர்த்துளி காலனிகளின்மேல் விழாதவாறு தட்டைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். வளர்ந்த பின் மூடியைத் திறவாமலே காலனிகளை எண்ண வேண்டும். சில பாக்டீரியாக்கள் உருவாக்கும் உறைவித்துகள் கொதிநீரையும் தாங்குவதால், அகற்றுமுன் தட்டுகள் அழுத்த நீராவிக் கலனான ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 15 நிமிடங்களுக்குக் குறையாமல் வைக்கப்படுகின்றன. சமையல் குக்கரை இதற்கு எடுக்கலாகாது.

வீட்டிலேயே செய்தாக வேண்டுமெனில், வளர்வது எதுவென முன்கூட்டியே தெரிந்த தயிர் இருக்கிறது. உறையிலுள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையை அமிலமாக்க, புளிப்பு ஏற ஏற இறங்கும் பி.எச். அளவு 6.6இலிருந்து 4.6ஐ நெருங்கும்போது, கேசீன் என்னும் பால் புரதம் திரண்டு உறைகிறது. காய்ச்சி ஆற்றிய ஒரே பாலை நான்கு கிண்ணங்களில் ஊற்றி, மூன்றில் ஒரே அளவு உறை சேர்த்து, ஒன்றை ஃபிரிட்ஜிலும் ஒன்றை மேடையிலும் ஒன்றை ஹாட்பேக்கிலும் வைத்து, மணிக்கொரு முறை ஒவ்வொன்றிலிருந்தும் சில சொட்டு எடுத்து பி.எச். தாளில் இட்டு அளந்தால், வெப்பத்துக்கும் வளர்ச்சி வேகத்துக்கும் உள்ள தொடர்பு வரைபடமாகவே கிடைத்துவிடும். உறை சேர்க்காமல் மேடையில் வைக்கப்படும் நான்காவது கிண்ணம் ஒப்பீட்டுக்கானது. அதில் என்னென்ன வளர்ந்திருக்கும் என்று தெரியாதாகையால், அந்தப் பால் திரிந்தாலும் திரியாவிட்டாலும் வாயில் வைக்காமல் கொட்டிவிட வேண்டும்.