பெயருக்கு முன்னால் என்ன போடுவது?

பள்ளி ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் தயாராகிறது. சிறப்பு விருந்தினர் ஒரு பெண் அதிகாரி. அவருடைய பெயர், பதவி, படிப்பு எல்லாம் தெரியும். அச்சுக்குக் கொடுக்கும் நேரத்தில் ஒரு சந்தேகம் வருகிறது: அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று போன் பறக்கிறது. அதே மேடையில் உட்காரப்போகும் ஆண் விருந்தினரைப் பற்றி யாரும் இப்படி விசாரிப்பதில்லை. அவர் ‘திரு’. பிரம்மச்சாரியாக இருந்தபோதும் திரு, பேரன் பேத்தி எடுத்த பிறகும் திரு.

பெண்ணுக்கு மட்டும் இந்த இரட்டைக் கணக்கு எப்படி வந்தது? 1967-இல் அண்ணா தலைமையில் ஆட்சி அமைந்த பிறகு, அரசு வழக்கில் இருந்த ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி போய்த் திரு, திருமதி, செல்வி வந்தன. வடமொழி போனது, மணமானவர், ஆகாதவர் என்ற பிரிவு போகவில்லை. இத்தனைக்கும் ஸ்ரீமதி என்பது ஸ்ரீமானுக்குப் பெண்பால், அவ்வளவுதான். சிறப்புடையவர் என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் கணவரும் இல்லை, தாலியும் இல்லை. அதை ஏற்றிவைத்தது நம் வழக்கம்.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். மிஸஸ், மிஸ் இரண்டுமே ‘மிஸ்ட்ரஸ்’ என்ற ஒரே சொல்லின் சுருக்கங்கள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மிஸஸ் என்றால் ஓரளவு அந்தஸ்து உள்ள பெண் என்று பொருள். சொந்தமாக வியாபாரம் நடத்திய மணமாகாத பெண்களையும் அப்படித்தான் அழைத்தார்கள். மணமானவர் என்ற பொருள் பிறகுதான் இறுகியது. இறுகியதைத் தளர்த்த, எம், எஸ் என்ற இரண்டெழுத்துப் பட்டத்தை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து நாளேடு ஒன்று 1901-லேயே முன்மொழிந்தது. கேட்பாரில்லை. அறுபதுகளில் ஷீலா மைக்கேல்ஸ் என்ற சிவில் உரிமைப் போராளி அதைக் கையில் எடுத்தார். தாம் யாருக்கும் உடைமை அல்ல என்று காட்டும் ஒரு பட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தவர் அவர். 1972-இல் குளோரியா ஸ்டைனமும் தோழிகளும் அந்தப் பெயரிலேயே ஒரு பத்திரிகையைத் தொடங்க, பட்டம் நாடெங்கும் பரவியது.

நியூயார்க் டைம்ஸ் மட்டும் பிடிவாதமாக நின்றது. 1984-இல் துணை அதிபர் பதவிக்குப் போட்டியிட்ட ஜெரால்டின் ஃபெராரோ மணமானவர். ஆனால் ஃபெராரோ என்பது அவருடைய பிறந்த வீட்டுப் பெயர். மிஸ் என்று போட்டால் பொய், மிஸஸ் ஃபெராரோ என்றால் அவருடைய அம்மாவைத்தான் குறிக்கும். அந்த நாளேடு 1986-இல் இறங்கிவந்தது. ஜெர்மனி 1972-லும் பிரான்ஸ் 2012-லும் மணமாகாத பெண்ணுக்கென்று இருந்த தனிப் பட்டத்தை அரசு வழக்கிலிருந்து நீக்கிவிட்டன.

நம்மிடம் சங்கடம் அதிகம் தருவது ‘செல்வி’. கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கும் ஏழாம் வகுப்புச் சிறுமியும் செல்வி, அந்தப் பரிசைக் கொடுக்கும் மணமாகாத தலைமையாசிரியையும் செல்வி. பையன்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. செல்வனாக இருப்பவன் வளர்ந்ததும் திரு ஆகிவிடுகிறான். பெண் வளர்ந்தால் போதாது, கல்யாணமும் ஆகவேண்டும் என்கிறது நம் வழக்கம். இது நியாயமில்லை. அதற்காக அந்தச் சொல்லையே ஒதுக்கவும் வேண்டாம். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவின் பெயர் அரசு விளம்பரங்களில் ‘செல்வி ஜெ. ஜெயலலிதா’ என்றே வந்தது. விரும்பி வைத்துக்கொள்பவருக்கு அது முழு மரியாதை.

அப்படியானால் என்ன செய்யலாம்? பதவியோ பட்டமோ இருந்தால் அதுவே போதும். மருத்துவர், முனைவர், பேராசிரியர், நீதிபதி, ஆய்வாளர் என்று எழுதிவிட்டால் கேள்விக்கே இடமில்லை. ஒரே மேடையில் ஆணை ‘முனைவர்’ என்றும், அதே படிப்புப் படித்த பெண்ணைத் ‘திருமதி’ என்றும் அச்சடிக்கிறார்களே, அதுதான் பெரிய குற்றம். பதவி எதுவும் தெரியாவிட்டால், வயது வந்த எந்தப் பெண்ணுக்கும் ‘திருவாட்டி’ பொருந்தும். திருவாளருக்கு நேர் இணை அது. சிங்கப்பூரில் தமிழ் முரசு படிப்பவர்களுக்கு அன்றாடம் கண்ணில் படும் சொல். இங்கே கொஞ்சம் மேடைத்தமிழாக ஒலிக்கும். நாலு அழைப்பிதழில் வந்துவிட்டால் காது பழகிவிடும்.

கணவரை இழந்தவருக்குத் திருமதி போடலாமா என்று கல்யாணப் பத்திரிகை எழுதும்போது தயங்குகிறார்கள். தாராளமாகப் போடலாம். அப்பா பெயருக்கு முன்னால் ‘தெய்வத்திரு’ வந்துவிட்டது என்பதற்காக அம்மாவின் பட்டத்தைப் பறிப்பது கொடுமை. மணவிலக்குப் பெற்றவரிடம் எப்படிப் போடட்டும் என்று கேட்டுவிடுவது நல்லது. திருநங்கையர் விஷயத்திலும் அவரவர் சொல்வதே முடிவு. பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

நேரில் கூப்பிடுவது வேறு கலை. அதில் நம் மொழிக்குப் பஞ்சமே இல்லை. பள்ளியில் எல்லா ஆசிரியைகளும் ‘மிஸ்’, ஆஸ்பத்திரியில் எல்லாச் செவிலியர்களும் ‘சிஸ்டர்’. கல்யாணம் பற்றி யாரும் நினைப்பதே இல்லை. காய்கறிக் கடையில் அக்கா என்றால் உறவு வந்துவிடுகிறது. கவனிக்க வேண்டியது தொனியை. அலுவலக வாசலில் காரிலிருந்து இறங்குபவருக்கு “வாங்க மேடம்” என்று எழுந்து நிற்பவரே, ஓய்வூதியத்துக்காக மனு எடுத்துவந்த பாட்டியிடம் “ஏம்மா, அங்க போய் நில்லு” என்கிறார். அம்மா என்ற சொல்லில் குறையில்லை, ‘நில்லு’வில் இருக்கிறது. “அங்க நில்லுங்கம்மா” என்றால் யாருக்கும் எதுவும் குறைந்துவிடாது.

படிவம் தயாரிக்கும் அலுவலகங்களுக்கு ஒரு வேண்டுகோள். மணமானவரா என்ற தகவல் தேவைப்படும் இடங்களில் அதற்கென்று தனிக் கட்டம் இருக்கவே இருக்கிறது. பெயருக்கு முன்னால் திருமதி, செல்வி இரண்டில் ஒன்றை ‘டிக்’ செய்யச் சொல்லும் கட்டத்தை அடுத்த முறை அச்சடிக்கும்போது எடுத்துவிடுங்கள்.