மூன்று நிறக் கட்டுக்கு எத்தனை காணி வேணும்?

"மாமா, காணி எனக்குக் காணும். டிராகன்தான் வேணும்."

ஸ்காபரோவில் பிறந்து வளர்ந்த என் அக்காவின் மகன் போன ஓகஸ்ட் விடுமுறையில் வந்திருந்தபோது சொன்னது இது. 15 வயது. பயணப்பெட்டியில் பாதி இடத்தைப் பிடித்திருந்தவை 'மஜிக்: த கதரிங்' என்ற விளையாட்டின் அட்டைகள். சனிக்கிழமைகளில் அங்கே ஒரு கடையில் கூடி விளையாடுவார்களாம். இவன் பெரும்பாலும் தோற்றுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவானாம். சேர்த்து வைத்த 40 டொலருக்கு இன்னொரு டிராகன் வாங்கினால் வெல்லலாம் என்பது அவனது கணக்கு.

அந்த விளையாட்டில் 'லாண்ட்' என்று ஒரு வகை அட்டை உண்டு. தாயும் அம்மம்மாவும் தொலைபேசியில் ஓயாமல் பேசிய சொல் என்பதால் அவன் அதைக் 'காணி' என்றே சொல்கிறான். நானும் அப்படியே எழுதுகிறேன். இந்தக் காணிகளுக்கு உறுதி தேவையில்லை.

நம் ஊரில் 304 விளையாடியவர்களுக்கு அடிப்படையைச் சொல்வது சுலபம். 304 இல் 32 கடதாசிகள். எல்லோருக்கும் ஒரே கட்டிலிருந்துதான் பகிர்வோம். மஜிக்கில் ஒவ்வொருவரும் தன் கட்டைத் தானே தயாரித்துக்கொண்டு வரவேண்டும். ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதவியலாளர் உருவாக்கிய இந்த விளையாட்டு 1993 இல் அமெரிக்காவில் வெளியானது. கட்டில் குறைந்தது 60 அட்டைகள் இருக்கவேண்டும். அடிப்படைக் காணிகளைத் தவிர, ஒரே அட்டையில் நான்குக்கு மேல் வைக்க முடியாது. ஆளுக்கு 20 உயிர்ப் புள்ளிகள். எதிராளியின் புள்ளிகளைப் பூச்சியமாக்கினால் வெற்றி.

மிருகமோ மந்திரமோ, எதை மேசையில் இறக்குவதென்றாலும் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையின் பெயர் மானா. அதைத் தருவது காணி. சமவெளி வெள்ளை மானா தரும். தீவு நீலம், சதுப்பு கறுப்பு, மலை சிவப்பு, காடு பச்சை. ஒரு முறைக்கு ஒரு காணிதான் வைக்கலாம். வைத்த காணியைப் பக்கவாட்டில் திருப்பினால் அந்த முறைக்கு ஒரு மானா கிடைக்கும். ஷிவன் டிராகன் என்ற பழைய அட்டைக்கு ஆறு மானா வேண்டும், அதில் இரண்டு கட்டாயம் சிவப்பு. கையில் நாலு டிராகன் இருந்தும் மலை இல்லையென்றால் அவை நாலு வெறும் படங்கள்.

அவனுடைய கட்டில் பச்சை, சிவப்பு, கறுப்பு என்று மூன்று நிறங்கள். காணிகள் 24. காடு எட்டு, மலை எட்டு, சதுப்பு எட்டு. பார்க்க நியாயமான பங்கீடுபோலத்தான் இருந்தது. நான் உயர்தர வகுப்புக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறவன். சேர்மானப் பாடத்தில் வருகிற கணக்குத்தான் இது என்பதால் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன்.

ஆட்டம் தொடங்கும்போது கையில் ஏழு அட்டைகள். முதலில் ஆடுபவர் முதல் முறையில் அட்டை எடுப்பதில்லை. ஆகவே அவர் மூன்றாம் முறைக்கு வரும்போது மொத்தம் ஒன்பது அட்டைகளைப் பார்த்திருப்பார். 60 அட்டைகளில் எட்டு-எட்டு-எட்டு என்று காணிகள் இருந்தால், அந்த ஒன்பதுக்குள் மூன்று நிறங்களும் வந்திருக்கும் வாய்ப்பு 39 வீதம் மட்டுமே. பத்து ஆட்டங்களில் ஆறில், மூன்றாம் முறையிலும் ஏதோ ஒரு நிறம் கையில் இல்லை. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. கட்டைக் கலைத்துக் கலைத்து இருபது தடவை எடுத்துப் பார்த்தான். பிறகு பேசாமல் இருந்தான்.

காணியே வராமல் போகும் கைகள் வேறு கதை. 24 காணி வைத்தாலும் முதல் ஏழு அட்டைகளில் ஒரு காணி, அல்லது ஒன்றுமே இல்லாத கை ஏழு தடவைக்கு ஒரு தடவை வரும். அப்படிப்பட்ட கையைத் திருப்பிக் கொடுத்துப் புதிய கை எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு தடவைக்கும் ஓர் அட்டை இழக்கவேண்டும். இதை முற்றாக ஒழிக்க வழியில்லை. நிறப் பிரச்சினைக்கு வழி உண்டு.

அந்த வழி இரட்டைக் காணி. ஒரே அட்டை இரண்டு நிறங்களில் எதையும் தரும். 24 காணிகளும் இரட்டையாக இருந்து, ஒவ்வொரு சோடி நிறத்துக்கும் எட்டு என்று பிரித்தால், ஒவ்வொரு நிறத்துக்கும் 16 காணிகள் கிடைத்துவிடும். அப்போது மூன்றாம் முறையில் ஒரு நிறமாவது குறையும் வாய்ப்பு 61 வீதத்திலிருந்து 13 வீதத்துக்கு இறங்கும். பாதி இரட்டையும் பாதி சாதாரணமும் வைத்தால் 29 வீதம்.

அப்படியென்றால் எல்லோரும் 24 உம் இரட்டையாகவே வைக்கலாமே என்று கேட்பீர்கள். இங்கேதான் விலை வருகிறது, இரண்டு விதமாக.

முதலாவது, காசு. 1993 இல் வந்த முதல் இரட்டைக் காணிகளுக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை. நிறச் சோடிகள் பத்து. முதல் பதிப்பில் தவறுதலாக ஒன்று விடுபட்டு ஒன்பதுதான் வந்தன, பத்தாவது அடுத்த பதிப்பில் சேர்ந்தது. 1994 க்குப் பிறகு அவை சாதாரணப் பதிப்புகளில் வரவில்லை. 1996 இல் சில பழைய அட்டைகளை இனி அச்சிடமாட்டோம் என்று நிறுவனம் சேகரிப்பாளர்களுக்கு வாக்குக் கொடுத்தது. அந்தப் பட்டியலில் இந்தப் பத்தும் இருக்கின்றன. இன்று ஓர் அட்டைக்கே நூற்றுக்கணக்கான அமெரிக்க டொலர் கேட்கிறார்கள். ஒரு துண்டுக் கடதாசிக்கு! அடிப்படைக் காணியையோ கடைக்காரர் சும்மாவே தருவார்.

இரண்டாவது விலை மேசையில் கொடுப்பது. பின்னாளில் அச்சிட்ட இரட்டைக் காணிகள் எல்லாவற்றுக்கும் ஒரு குறையைச் சேர்த்துவிட்டார்கள். 1995 இல் வந்த வகையில் நிற மானா எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு உயிர்ப் புள்ளி போகும். 2005 இல் வந்தவற்றுக்கு இரண்டு புள்ளி கொடுத்தால் உடனே பயன்படுத்தலாம். கொடுக்காவிட்டால் திருப்பிய நிலையில் மேசைக்கு வந்து அடுத்த முறைவரை சும்மா கிடக்கும். 2002 இல் வந்த இன்னொரு வகை, ஒரு புள்ளியையும் தன்னையும் பலிகொடுத்துக் கட்டிலிருந்து வேண்டிய காணியைத் தேடி எடுத்துத் தரும். 2009 இல் வந்த வகைக்கு, பொருத்தமான அடிப்படைக் காணி ஒன்று ஏற்கெனவே மேசையில் இருக்கவேண்டும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் மலிவான வகைகள் அநேகமாகத் திருப்பிய நிலையில்தான் வரும். காசு, உயிர், நேரம் என்ற மூன்றில் ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தான் நிறத்தை வாங்க முடியும்.

ஆகவே எந்தக் காணி நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. கட்டில் உள்ள மற்ற 36 அட்டைகளும் எதை, எந்த முறையில் கேட்கின்றன என்று பார்க்கவேண்டும்.

மருமகனின் கட்டில் லானோவர் எல்வ்ஸ் நாலு இருந்தன. ஒரு பச்சை மானாவுக்கு வந்து, அடுத்த முறையிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு பச்சை மானா தரும் சின்ன மிருகம். முதல் முறையில் வந்தால்தான் அதற்கு மதிப்பு, எட்டாம் முறையில் வந்தால் குப்பை. அவனிடம் இருந்த எட்டுக் காடுகளோடு, முதல் ஏழு அட்டைகளில் காடே இல்லாத வாய்ப்பு 35 வீதம். சரி, மலிவான இரட்டைக் காணிகள் 12 போட்டுக் காடுகளை ஆறாகக் குறைப்போம் என்று முதலில் நினைத்தேன். மொத்தப் பச்சை 14 ஆக ஏறியது. ஆனால் அந்த மலிவுக் காணிகள் திருப்பிய நிலையில் வருபவை. முதல் முறைக்கு உதவாது. முதல் முறைக்குப் பயன்படுவது ஆறு காடு மட்டும். 35 வீதம் 46 வீதமாகிவிட்டது! திருத்தப் போய்க் கெடுத்த கதை. காணியை எண்ணினால் மட்டும் போதாது, எந்த முறைக்கு எழும்பி நிற்கும் என்றும் எண்ணவேண்டும்.

கடைசியில் இப்படி வந்தது. பச்சை-சிவப்புக்கு கார்ப்லூசன் ஃபொரஸ்ட் நாலு, பச்சை-கறுப்புக்கு லானோவர் வேஸ்ட்ஸ் நாலு. இரண்டும் புள்ளி கடிக்கும் வகை, ஆனால் உடனே எழும்பி நிற்கும். பலதடவை மறுபதிப்பானதால் சில டொலர்களுக்குக் கிடைக்கும். அவசரமில்லாத கறுப்பு-சிவப்புச் சோடிக்குத் திருப்பிய நிலையில் வரும் மலிவு வகை நாலு. மிச்சம் காடு ஆறு, மலை நாலு, சதுப்பு இரண்டு. பச்சைக்கு 14, சிவப்புக்கு 12, கறுப்புக்கு 10. சமமில்லை, சமமாக இருக்கத் தேவையுமில்லை. பச்சை முதல் முறையில் வேண்டும், கறுப்பு பிறகு வந்தால் போதும். முதல் முறையில் பச்சை கிடைக்கும் வாய்ப்பு 86 வீதம். மூன்றாம் முறையில் ஒரு நிறமாவது குறையும் வாய்ப்பு 30 வீதம். 61 இலிருந்து 30.

அதோடு இரண்டு டிராகன்களை வெளியே எடுக்கச் சொன்னேன். முகம் கறுத்துவிட்டது. ஆறு மானா அட்டைகள் கையில் குவிந்தால், காணி எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதல் ஐந்து முறையும் சும்மா இருந்து அடிவாங்கவேண்டும் என்று விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது.

காசே இல்லாதவர்களுக்கும் வழியிருக்கிறது. நண்பர்களுக்குள் விளையாடும்போது, சாதாரணக் காணியின் மேல் வேண்டிய பெயரைப் பேனையால் எழுதிய தாளை வைத்து விளையாடுகிறார்கள். உத்தியோகபூர்வச் சுற்றுப்போட்டியில் இது செல்லாது. 'போப்பர்' என்ற வகைப் போட்டியில் மலிவான பொது அட்டைகள் மட்டுமே அனுமதி. ஆளுக்கு 100 அட்டை வைத்து ஆடும் 'கொமாண்டர்' வகையில், கட்டின் எல்லா நிறங்களையும் தரும் 'கொமாண்ட் டவர்' என்ற காணி மிக மலிவு. கைத்தொலைபேசியில் 'அரீனா' என்ற செயலியில் இலவசமாகவே தொடங்கலாம்.

எல்லாவற்றையும்விட மலிவான தீர்வு ஒன்றை அவன் விமானம் ஏறிய பிறகுதான் கணக்கிட்டேன். கறுப்பை முற்றாக விட்டுவிட்டு, ஒரு சதமும் செலவில்லாமல் காடு 12, மலை 12 என்று வைத்தால், மூன்றாம் முறையில் ஒரு நிறமாவது குறையும் வாய்ப்பு 22 வீதம்தான். காசு கொடுத்துத் திருத்திய மூன்று நிறக் கட்டைவிடக் குறைவு. அவன் வாங்கப்போகும் பச்சை-சிவப்பு இரட்டைக் காணிகளை எட்டாக்கி, காடு எட்டு, மலை எட்டு வைத்தால் 9 வீதம்.

வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு நாள் கழித்துத்தான் பதில் வந்தது.

"மாமா, கணக்குச் சரி. ஆனா கறுப்ப விடமாட்டன். எதிராளியின்ர பெரிய மிருகத்த அழிக்கிற அட்டை எல்லாம் அதிலதான் இருக்கு. 30 வீதம் எனக்குப் பறவாயில்ல."

எட்டுக் காணியும் வாங்கிவிட்டானாம். 40 டொலரில் மிச்சம் இருக்கிறதாம். டிராகன் இன்னும் கடைக் கண்ணாடிக்குள்ளேயே இருக்கிறதாம்.