வயலில் இறங்கும் முன் என்ன சாப்பிடலாம்? கரையேறிய பின் என்ன குடிக்கலாம்?

மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் காட்டாமல் வண்டி பூட்டும் வழக்கம் நம் பக்கம் கிடையாது. எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்காமல் டீசல் என்ஜினை ஓட்டுகிறவரும் இல்லை. ஆனால் அதே விவசாயி விடியற்காலையில் ஒரு கிளாஸ் டீயை மட்டும் குடித்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பத்து மணி வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படுவதில்லை.

உடற்பயிற்சி செய்பவர்கள் பயிற்சிக்கு முன் என்ன சாப்பிட வேண்டும், பின் என்ன குடிக்க வேண்டும் என்று டாக்டர்கள் விவரமாகச் சொல்கிறார்கள். வரப்பு வெட்டுவதும் வாழைத்தார் சுமப்பதும் அதைவிடக் கடுமையான பயிற்சிதான். அதுவும் வெயிலில், ஒரு மணி நேரமல்ல, ஆறு மணி நேரம். ஆகவே அந்த விதிகள் நமக்குத்தான் முதலில் பொருந்தும்.

வீரபாண்டி தொடங்கிக் கம்பம், கூடலூர் வரை முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைகிறது. தண்ணீர் திறந்துவிட்டால் உழவும் நடவும் ஒரே மூச்சில் நடக்கும். திராட்சைக் கவாத்து, தென்னை, வாழை, கரும்பு என்று மற்ற நாட்களிலும் வேலைக்குக் குறைவில்லை. இத்தனைக்கும் உழைக்கிற உடம்புக்குத் தீனி போடுவது எப்படி என்று பார்ப்போம்.

வியர்வையோடு போவது என்ன?

கடும் வெயிலில் குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரைகூட வியர்வை வெளியேறலாம். தண்ணீருடன் உப்பும் போகிறது. வியர்த்த சட்டை காய்ந்ததும் வெள்ளையாகப் பூத்து நிற்பது அந்த உப்புதான்.

உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு தண்ணீர் குறைந்தாலே வேலைத் திறன் குறையத் தொடங்கும். 60 கிலோ எடையுள்ளவருக்கு இது சுமார் 1.2 லிட்டர். தலைவலி, கிறுகிறுப்பு, காலில் குரக்கு இழுத்தல், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் இதன் அறிகுறிகள். தாகம் எடுக்கும்போது உடம்பில் ஏற்கெனவே தண்ணீர் குறைந்திருக்கும். ஆகவே தாகத்துக்குக் காத்திராமல் குடிக்க வேண்டும்.

இதை நாள்தோறும் அலட்சியம் செய்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். மத்திய அமெரிக்காவில் எல் சால்வடார், நிகரகுவா நாடுகளில் கரும்பு வெட்டும் தொழிலாளர் பலருக்கு, சர்க்கரை நோயோ இரத்தக் கொதிப்போ இல்லாமலேயே சிறுநீரகம் கெட்டுப்போயிற்று. வெயிலில் கடும் உழைப்பும், உடம்பில் தண்ணீர் வற்றிப்போவதும் இதற்கு முக்கியக் காரணங்களாக ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். தண்ணீர், நிழல், ஓய்வு ஆகிய மூன்றும்தான் அங்கே மருந்தாகக் கொடுக்கப்பட்டன.

கிளம்பும் முன்

வெறும் வயிற்றில் வேலைக்கு இறங்கக் கூடாது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டும் இறங்கக் கூடாது. முழுச் சாப்பாடு சாப்பிட்டால் கடின வேலைக்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி தேவை. அதிகாலையில் அது முடியாது. எனவே கிளம்புவதற்கு அரை மணிக்கு முன் இலகுவாக ஏதாவது சாப்பிட்டால் போதும்.

பழைய சோறும் நீராகாரமும் இதற்கு ஏற்ற உணவு. தண்ணீர், உப்பு, மாவுச்சத்து மூன்றும் ஒரே கிண்ணத்தில் கிடைக்கின்றன. அதில் குறைவாக இருப்பது புரதம். ஒரு கரண்டி தயிரோ, நிலக்கடலைத் துவையலோ சேர்த்தால் அந்தக் குறையும் தீரும். சோற்றில் நல்ல தண்ணீர் ஊற்றி மூடி வைத்து, மறுநாள் காலையிலேயே தீர்த்துவிட வேண்டும். கோடையில் அதற்கு மேல் வைத்திருப்பது நல்லதல்ல.

கேப்பைக் கூழும் கம்பங்கூழும் இன்னும் சிறந்தவை. 100 கிராம் கேப்பையில் 340 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அரிசியில் அது மிகக் குறைவு.

கூழ் கரைக்க நேரமில்லாத நாளில் இரண்டு வாழைப்பழம் போதும். வாழை விளையும் ஊரில் இதற்குக் காசும் தேட வேண்டியதில்லை. எதைச் சாப்பிட்டாலும் கிளம்பும் முன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிடுங்கள்.

டீ குடிக்கக் கூடாது என்பதில்லை. ஆனால் கடையில் தரும் ஒரு கிளாஸ் டீ சாப்பாடும் ஆகாது, தாகம் தீர்க்கும் தண்ணீரும் ஆகாது. அது பசியை மட்டும் சற்று நேரம் மறைக்கும். ஏலத் தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்பில் மலையேறும் ஆட்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

வேலையின் நடுவே

கடும் வெயிலில் வேலை செய்யும்போது 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர் என்பது கணக்கு. இரண்டு மணி நேரம் பொறுத்து ஒரு சொம்பு தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பதைவிட, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதே உடம்பில் சேரும். அதற்காக அளவு மீறவும் கூடாது. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்க வேண்டாம்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் வியர்த்து வேலை செய்தால் வெறும் தண்ணீர் மட்டும் போதாது. உப்புச் சேர்ந்த பானமோ, உப்புப் போட்ட உணவோ இடையில் வேண்டும். அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணை கட்டத் தொடங்கிய 1931-ம் ஆண்டுக் கோடையில், வெயில் தாங்காமல் தொழிலாளர்கள் இறந்தார்கள். மறு ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அங்கே சென்று பார்த்தனர். தண்ணீருடன் உணவில் உப்பும் போதிய அளவு சேர வேண்டும் என்று அவர்கள் கூறினர்.

1965-ல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் என்ற டாக்டரும் அவருடைய குழுவினரும் விளையாட்டு வீரர்களுக்காக ஒரு பானம் தயாரித்தார்கள். அதில் இருந்தவை தண்ணீர், உப்பு வகைகள், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு. இன்று உலகெங்கும் பாட்டிலில் விற்கும் விளையாட்டுப் பானங்களுக்கு அதுவே மூலம். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு நம் வீட்டுக்குப் புதிதல்ல.

வீட்டிலேயே தயாரிக்கும் முறை

எலுமிச்சைப் பானம்: ஒரு லிட்டர் தண்ணீர், ஒரு எலுமிச்சம்பழச் சாறு, கால் தேக்கரண்டி உப்பு, ஐந்து தேக்கரண்டி சர்க்கரை. கரண்டியைத் தலை தட்டி அளக்க வேண்டும்.

நீர் மோர்: ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, லிட்டருக்குக் கால் தேக்கரண்டி உப்புப் போட்டு, கறிவேப்பிலை, இஞ்சி தட்டிப் போடலாம்.

இளநீர்: இதில் பொட்டாசியம் நிறைய உண்டு. ஆனால் வியர்வையில் அதிகம் போகும் சோடியம் குறைவு. எனவே இளநீர் குடிக்கும்போது உப்புச் சேர்ந்த உணவையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ கண்டவருக்கு இவை போதா. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கி, அதில் அச்சிட்டுள்ள அளவுப்படி கரைத்துக் கொடுக்க வேண்டும். ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற பெயரைச் சாதாரணச் சர்க்கரைப் பானங்களின் லேபிளில் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. கடையில் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி தயாரித்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

கரையேறிய பின்

வேலை முடிந்ததும் முதல் வேலை, நிழலில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் மோரோ எலுமிச்சைப் பானமோ குடிப்பது. எவ்வளவு தண்ணீர் உடம்பிலிருந்து போயிற்று என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. காலையில் கிளம்பும் முன்னும், வேலை முடித்து உடை மாற்றிய பின்னும் தராசில் நின்று பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஒன்றரை லிட்டர் பானம் அடுத்த சில மணி நேரத்தில் உள்ளே போக வேண்டும். தராசு இல்லாதவர் சிறுநீரின் நிறத்தைப் பார்த்தாலே தெரியும். வெளிறிய மஞ்சள் என்றால் சரி. கடலை எண்ணெய் போல் அடர் மஞ்சள் என்றால் தண்ணீர் போதவில்லை.

அடுத்து ஒரு மணி நேரத்துக்குள் சாப்பாடு. உழைத்த தசை தேறுவதற்குச் சோற்றுடன் புரதமும் தேவை. ஐதராபாத்தில் உள்ள தேசிய உணவூட்டவியல் நிறுவனத்தின் 2020-ம் ஆண்டுக் கணக்குப்படி, கடும் உழைப்பாளியான ஆணுக்கு ஒரு நாளைக்கு 3,470 கலோரியும், பெண்ணுக்கு 2,720 கலோரியும் வேண்டும். உட்கார்ந்து வேலை செய்யும் ஆணுக்கு 2,110 கலோரி போதும். இந்த வித்தியாசத்தைச் சோற்றைக் குவித்து மட்டும் ஈடுகட்டக் கூடாது.

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம் நிலக்கடலையில் சுமார் 12 கிராம். மொச்சை, தட்டைப்பயறு, கொள்ளு எல்லாம் இதற்குச் சளைத்தவையல்ல. மொச்சைக் குழம்பும் ஒரு முட்டையும் இருந்தால் அன்றைய உழைப்புக்கு நல்ல ஈடு.

உடம்பு வலிக்கு என்று சொல்லி மாலையில் சாராயக் கடைப் பக்கம் போவது, வற்றிய கிணற்றில் மோட்டார் போடுவது போலத்தான். மது சிறுநீரைப் பெருக்கி, மிச்சமுள்ள தண்ணீரையும் வெளியேற்றும். தூக்கத்தையும் கெடுக்கும்.

நடவுப் பெண்களின் நிலை

வயற்காட்டில் ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று, கல்லடைப்பு எல்லாம் இதனால் வருகின்றன. வயலுக்குச் சொந்தக்காரர் தென்னந்தோப்பு ஓரத்தில் நான்கு கம்பு நட்டுக் கீற்றுத் தட்டி கட்டிக் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்த சோகை. இரத்தம் குறைந்தால் வேலையில் சீக்கிரம் மூச்சு வாங்கும். கீரை, பயறு சாப்பிடும்போது எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கொண்டால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட உடனே டீ குடித்தால் அது குறையும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

மருந்து தெளிப்பவர்கள் கவனிக்க

பூச்சிமருந்து தெளிக்கும்போது எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டுமானால் தெளிப்பானை இறக்கி வைத்துவிட்டு, கையையும் முகத்தையும் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே குடிக்க வேண்டும். காலி மருந்து டப்பாவில் குடிநீர் கொண்டுபோவது உயிருக்கே ஆபத்து.

ஓட்டம் ஓடும் பிள்ளைகளுக்கு

காவலர் தேர்வுக்கும் ராணுவத் தேர்வுக்கும் நம் பிள்ளைகள் அதிகாலையில் சாலையில் ஓடிப் பழகுகிறார்கள். ஓட்டத்துக்கு அரை மணிக்கு முன் ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும். முடிந்தபின் முட்டை, பால், சுண்டல் என்று வீட்டுச் சாப்பாடே சிறந்தது. ‘எனர்ஜி’ பானம் என்று டின்னில் விற்பதில் காப்பியில் உள்ள காபீனும் சர்க்கரையும்தான் அதிகம். ஓட்டத்துக்கு முன் அதைக் குடித்தால் படபடப்பு வரும்.

எச்சரிக்கை

இரத்தக் கொதிப்பு, இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் உப்பின் அளவையும் தண்ணீரின் அளவையும் டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். சிறுநீரக நோயாளிகள் இளநீரையும் கேட்காமல் குடிக்கக் கூடாது. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் வயலில் இறங்கவே கூடாது. மயங்கி விழுந்தால் பக்கத்து வயற்காரருக்குக்கூடத் தெரியாது.

வெயிலில் வேலை செய்பவர் பேச்சுக் குழறி, தடுமாறி, உடம்பு நெருப்பாய்ச் சுட்டால் அது வெப்பத் தாக்கு. உடனே 108-க்குச் சொல்லுங்கள். நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றக் கூடாது. மூச்சுக் குழலில் இறங்கிவிடும்.

ஒரு வேண்டுகோள்

சித்திரைத் திருவிழாவில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்கு அக்கினிச்சட்டி ஏந்தி வரும் பக்தர்களுக்கு வழியெல்லாம் நீர் மோர்ப் பந்தல் போடுகிறோம். அதே மோரை நம் வயலில் குனிந்து நிற்கும் ஆட்களுக்கும் கொடுக்கலாம் அல்லவா? பத்துப் பேர் நடவுக்கு வந்தால் ஆளுக்கு நாலு லிட்டர் வீதம் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். மூன்று குடம் நல்ல தண்ணீரை வரப்பு நிழலில் வைத்து மூடுங்கள். இரண்டு லிட்டர் தயிர் வாங்கினால் எட்டு லிட்டர் மோர் ஆகும். காலை பத்து மணிக்கும் நண்பகலுக்கும் தந்தால் போதும். ஆட்களின் களைப்புக் குறையும், நடவும் நின்று நிதானமாக நடக்கும். நீங்களும் அவர்களுடன் சேர்ந்து ஒரு சொம்பு குடியுங்கள்.