பெட்டி, நாடா, ரசிகன்: பாட்டைச் சேமித்தது யார்?

1

எண்பதுகளில் ஊத்தங்கரை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கேசட் ரிகார்டிங் கடை இருந்தது. வெற்றுக் கேசட் ஒன்றும், நோட்டுத் தாளில் எழுதின பாட்டுப் பட்டியலும் கொடுத்துவிட்டு வந்தால் மூன்றாம் நாள் வாங்கிக்கொள்ளலாம். "அறுபதா, தொண்ணூறா?" என்பது கடைக்காரரின் முதல் கேள்வி. பட்டியலில் பாதிப் பாட்டுக்குப் படப் பெயரைத் தப்பாக எழுதியிருப்போம். அவர் சிவப்பு மையில் திருத்தி, அட்டையில் படம், பாடியவர், இசை என்று மூன்று பத்தியாக எழுதித் தருவார். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை போகிற பஸ்களில் ஓடியதும் இந்த மாதிரிக் கேசட்டுகள்தான். ஓசூர்க் கம்பெனியில் ஷிப்டு முடித்து ஊர் திரும்புகிறவன், கடைசி ஸீட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டது யாரோ ஒரு கடைக்காரர் தொகுத்த வரிசையை. சட்டத்தின் மொழியில் அது திருட்டு. ஆனால் எங்கள் ஊருக்கு வாய்த்த ஒரே இசைக் காப்பகமும் அதுதான்.

போன வருஷம் தங்கை மகன் போனஸ் பணத்தில் எனக்கு ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி வந்தான். ஆயிரக்கணக்கான பழைய பாட்டுகளை அடைத்து விற்கிற பெட்டி. திருகினால் பாட்டு வருகிறது. நான் கொஞ்ச நேரம் திருகிவிட்டுப் பேசாமல் இருந்ததைப் பார்த்து, "இன்னா மாமா, இவ்ளோ பாட்டு இருக்குது, இன்னும் இன்னா கொறை ஒனக்கு?" என்றான்.

"எல்லாம் இருக்குதுடா. யாரு வாசிச்சாங்கன்றது மட்டும் இல்ல."

அவன் சிரித்தான். இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கான பதில். ரசிகனின் இந்தக் குறையை ஏக்கம், மோகம், ‘பழசு பேசுதல்’ என்று ஒதுக்கிவிடுவது நம் சிறுபத்திரிகை வட்டாரத்திலும், இயக்கத் தோழர்களிடத்திலும் வழக்கமாக இருக்கிறது. அந்தக் குறைக்குள் உழைப்பு பற்றியும் சொத்துடைமை பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது என்பது என் வாதம்.

2

முதலில் மேற்கத்திய ராக் ரசிகனைப் பார்ப்போம். அங்கே ‘பாக்ஸ் செட்’ என்று ஒரு பண்டம் உண்டு. ஒரு பாடகனின் வெளிவராத பதிவுகள், ஒரே பாட்டின் வெவ்வேறு ஒத்திகைகள், மேடைப் பதிவுகள், யார் எந்தத் தேதியில் எந்தக் கருவி வாசித்தார் என்ற விவரப் புத்தகம், எல்லாவற்றையும் ஒரு கனத்த அட்டைப் பெட்டியில் போட்டு விற்பார்கள். 

இந்தப் பெட்டியின் பூர்வீகம் கள்ளச் சந்தை. பாப் டிலன் 1967இல் வுட்ஸ்டாக் பக்கம் நண்பர்களோடு வீட்டிலேயே பதிவு செய்த பாட்டுகள் சிலவற்றை 1969இல் யாரோ கள்ளத்தட்டாக வெளியிட்டார்கள். கம்பெனி 1975இல் ஒரு இரட்டைத் தட்டு போட்டது. முழுத் தொகுப்பு ஆறு சிடிகளாக வந்தது 2014இல். 47 வருஷக் காத்திருப்பு. இடையில் 1991இல் கம்பெனியே ஒரு வரிசையைத் தொடங்கி, அதற்கு ‘பூட்லெக் சீரீஸ்’ என்று பேர் வைத்தது. ‘பூட்லெக்’ என்றால் கள்ளச்சரக்கு. திருடன் என்று யாரைத் துரத்தினார்களோ அவன் பேரிலேயே கடை திறந்தார்கள். எதைச் சேமிக்க வேண்டும் என்பதைக் கம்பெனிக்குச் சொல்லிக்கொடுத்தவன் கள்ள ரசிகன்தான்.

இதில் இன்னொரு கூத்து. 2012 கடைசியில் டிலனின் அறுபதுகளின் தொடக்ககாலப் பதிவுகள் நாலு தட்டுத் தொகுப்பாக ஐரோப்பாவில் வெளிவந்தன. போட்டது சுமார் நூறு பிரதி. உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிற ஒருவனுக்கு நூறே பிரதி ஏன்? காரணம் சட்டம். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் ஒலிப்பதிவுகளின் காப்புரிமையை 50 வருஷத்திலிருந்து 70 ஆக்கியது. ஆனால் பதிவு செய்து 50 வருஷத்துக்குள் வெளியிடாத நாடாவுக்கு இந்த நீட்டிப்பு கிடையாது. அது பொதுச் சொத்தாகிவிடும். ஆகவே உரிமையைத் தக்கவைக்கப் பேருக்கு நூறு பிரதி. 2013 டிசம்பரில் பீட்டில்ஸின் 1963ஆம் வருஷப் பதிவுகள் 59 இணையத்தில் சட்டென்று விற்பனைக்கு வந்ததற்கும் இதைத்தான் காரணமாகச் சொன்னார்கள். ரசிகனுக்குப் பெட்டி கிடைக்கவில்லை, கிடைத்தது பெட்டியின் நிழல். ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது. ‘வெளியிடு, இல்லாவிட்டால் இழந்துவிடு’ என்று ஒரு சட்டம் சொல்லப்போய்த்தான் அலமாரியின் கதவு கொஞ்சமாவது திறந்தது.

3

இப்போது நம் ஊருக்கு வருவோம். தமிழில் இந்த ஏக்கம் அதிகமும் குவிந்திருக்கிற பெயர் இளையராஜா. 1976இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கின கணக்கு. அவருடைய தீவிர ரசிகன் எதைக் கேட்கிறான் என்று கவனித்தால், அவன் பாட்டைக் கேட்கவில்லை. பாட்டுதான் எங்கும் கிடைக்கிறதே. அவன் கேட்பது வேறு.

ஒன்று, ரீ-ரெக்கார்டிங். ‘மௌன ராகம்’ (1986), ‘நாயகன்’ (1987) போன்ற படங்களின் பின்னணி இசையை வசனம் கலக்காமல் தனியாகக் கேட்க வேண்டும் என்பது நாற்பது வருஷ ஆசை. இரண்டு, தட்டில் இடம் பெறாத சரணம், படத்தில் மட்டும் வந்துபோகும் சோக வடிவம், துண்டு ஹம்மிங். மூன்று, எல்பியில் கேட்ட அதே சத்தம். சிடிக்கு மாற்றும்போது எதிரொலி கூட்டாமல், அளவுக்கு மீறி ஒலியை உயர்த்தாமல். நான்கு, வெளிவராத பதிவுகள். 1993இல் லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு பதிவான சிம்பொனி இன்றுவரை வெளியாகவில்லை. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டனில் ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியபோது கைதட்டின பலபேருக்கு உள்ளூர இருந்த கேள்வி, "சரி, அந்தப் பழையது எங்கே?" என்பதுதான்.

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியம்: யார் வாசித்தது? ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) தொகுப்பில் வயலின் வி.எஸ். நரசிம்மன் என்று தெரிகிறது. ‘நத்திங் பட் விண்ட்’ (1988) குழல் ஹரிபிரசாத் சௌராஸியா என்று அட்டையிலேயே பேர் இருக்கிறது. திரைப்பாட்டில்? டிரம்ஸ் புருஷோத்தமன், கிட்டார் சதானந்தம், பேஸ் கிட்டார் சசிதரன், கீபோர்டு விஜி மேனுவல், புல்லாங்குழல் நெப்போலியன் என்கிற அருண்மொழி என்று ரசிகர்கள் பேட்டியிலிருந்தும் பழம்பேச்சிலிருந்தும் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்துவைத்திருக்கிறார்கள். குறிப்பிட்ட ஒரு பாட்டில், இரண்டாவது இடையிசையில் வருகிற அந்த ஏழு விநாடிக் குழலை ஊதியது யார் என்பதற்குப் பெரும்பாலும் அச்சில் சாட்சி இல்லை. கால்ஷீட்டுக்குக் கூலி வாங்கிக்கொண்டு போன கலைஞன் தட்டின் அட்டையில் ஏறவே இல்லை. ஓசூரில் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி பூட்டின நட்டில் அவன் பேர் இருக்காது, அந்த மாதிரி. ரசிகன் கேட்கும் பெட்டி, இந்த அர்த்தத்தில், ஒரு வருகைப் பதிவேடு.

4

ஏன் கிடைக்கவில்லை? ‘கம்பெனிக்காரன் பேராசை’ என்று ஒரு வரியில் முடிக்க எனக்கும் ஆசைதான். விஷயம் அப்படி இல்லை.

முதல் காரணம் பௌதிகமானது. ஒலிநாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் பசையால் ஒட்டப்பட்ட இரும்பு ஆக்சைடுத் தூள். எழுபது, எண்பதுகளில் வந்த சில வகை நாடாக்களின் பசை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் தூள் உரிந்து தலைப்பில் ஒட்டிக்கொள்ளும். இசை கண்ணெதிரே கரிப்பொடியாகும். மிதமான சூட்டில், சுமார் ஐம்பது டிகிரியில், மணிக்கணக்காக வாட்டியெடுத்து, காய்ந்திருக்கிற கொஞ்ச நாளுக்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். சென்னைக் கடற்கரைக் காற்றில் இந்த நாடாக்களின் நிலையை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். தவிர, நாடா விலை கூடின பொருள். மேலே இன்னொன்றைப் பதிந்துகொள்ளலாம் என்பதே அதன் சௌகரியம், அதுவே அதன் சாபம். பிபிசி மாதிரி ஒரு நிறுவனமே அறுபது எழுபதுகளில் தன் நிகழ்ச்சி நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்கிறது. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) நம்மிடம் இல்லை. இழப்பது நமக்குப் புதிசு இல்லை.

இரண்டாவது காரணம் சட்டம். ஒரு திரைப்பாட்டுக்கு எத்தனை சொந்தக்காரர்கள்? எழுதியவர், இசையமைத்தவர், படத் தயாரிப்பாளர், அவரிடம் ஒலிப்பதிவு உரிமை வாங்கிய கம்பெனி, அந்தக் கம்பெனியிடம் வாங்கிய இன்னொரு கம்பெனி. 1977இல் உச்சநீதிமன்றம், கூலி கொடுத்துப் படத்துக்காகச் செய்வித்த இசைக்குத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்ற நிலையை உறுதிசெய்தது. பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை எழுதிக்கொடுத்து இழந்துவிட முடியாது என்ற பாதுகாப்பு 2012 திருத்தத்தில்தான் வந்தது. நிகழ்த்துகிறவனுக்கு உரிமை என்ற ஒன்றே 1994 திருத்தம் வரை சட்டத்தில் இல்லை. இளையராஜாவுக்கும் இசை நிறுவனங்களுக்கும் இடையில் சென்னை உயர்நீதிமன்றத்தில் வருஷக்கணக்காக வழக்குகள் நடந்தன. 2019இல் தனி நீதிபதியின் தீர்ப்பு வந்து, அதன் மேல் மேல்முறையீடும் ஆயிற்று. படைப்பாளி தன் உரிமையைக் கேட்பது நியாயம், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் உரிமை யாருக்கு என்று தீரும்வரை, எந்தத் தரப்பும் காசு செலவழித்து நாடாவை வாட்டியெடுத்துப் பெட்டி போட முன்வராது. யானைகள் சண்டையில் நசுங்குகிற புல், அலமாரியில் இருக்கிற நாடா.

இன்னொரு நுட்பம் இருக்கிறது, தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியான வருஷத்துக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 வருஷம். 1976இல் வந்த ‘அன்னக்கிளி’ தட்டு 2036 முடிய. அதன் பிறகும் மெட்டின் உரிமை தனி. அது படைப்பாளியின் ஆயுளும் அதற்கு மேல் 60 வருஷமும். சரி. வெளியாகவே இல்லாத பதிவுக்கு? கடிகாரம் ஓடத் தொடங்குவதே வெளியீட்டிலிருந்துதான். வெளியிடாவிட்டால் கடிகாரமே ஓடாது. ஐரோப்பாவில், பூட்டி வைத்தால் இழப்பாய் என்கிறது சட்டம். இங்கே, பூட்டி வைத்தாலும் ஒன்றும் கெட்டுப்போகாது என்கிறது. கெட்டுப்போவது நாடா மட்டும்.

5

எதைக் காப்பது என்பதில் ஒரு பண்பாட்டு அரசியலும் உண்டு. அகில இந்திய வானொலி தன் கிடங்கிலிருந்த சாஸ்திரிய சங்கீதப் பதிவுகளை 2003 முதல் ‘ஆகாஷ்வாணி சங்கீத்’ என்ற பெயரில் வெளியிட்டது. நல்ல காரியம். சபாக் கச்சேரிகளை ஸ்பூல் டேப்பில் பதிந்துவைத்த ரசிகர்கள் ‘ரஸிகர்கள்’ ஆனார்கள், சேகரிப்பாளர்கள் என்று மரியாதை பெற்றார்கள். எங்கள் ஊர்க் கடைக்காரர் போலீஸ் ரெய்டுக்குப் பயந்தார். இந்தப் பக்கத்து ஊர்களில் விடிய விடிய ஆடின தெருக்கூத்தை யாராவது டேப்பில் பிடித்திருந்தால், அது எங்கோ பரணில் துருப்பிடித்த டிரங்குப் பெட்டியில்தான் கிடக்கும். மேல்தட்டு இசைக்குக் காப்பகம், திரை இசைக்குச் சந்தை, கூத்துக்குப் பரண்.

ரசிகனையும் நான் முழுக்க விட்டுவிட முடியாது. அவனும் அரிய தட்டைப் பூட்டிவைத்துப் பெருமை பேசுகிறவன்தான். கம்பெனியின் சின்ன நகல். இப்போது வேறொரு சமாதானமும் கிடைத்துவிட்டது: படத்தின் ஒலியை கம்ப்யூட்டரில் கொடுத்தால் வசனத்தைக் கழித்து இசையைப் பிரித்துத் தருகிறது. 2023இல் பீட்டில்ஸ் ‘நவ் அண்ட் தென்’ பாட்டில் ஜான் லென்னன் குரலைப் பழைய கேசட்டிலிருந்து இப்படித்தான் பிரித்தெடுத்தார்கள். எனக்கும் கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிக்கும்போது இடைவெளியை எந்திரம் ஊகத்தால் நிரப்புகிறது. அந்தக் குழலில் கலைஞன் விட்ட மூச்சு எது, எந்திரம் இட்டு நிரப்பினது எது? ஒப்பிட்டுப் பார்க்க மூல நாடா இருந்தால்தான் சொல்ல முடியும். நாளைக்கு ஊகமே சாட்சியாகிவிடும்.

ஆக, பெட்டி வருமா வராதா என்பது என் கேள்வி இல்லை. பெட்டி சரக்கு, லாபம் இருந்தால் வரும். நான் கேட்பது வேறு. 1954ஆம் வருஷச் சட்டப்படி இந்தியாவில் ஒரு புத்தகம் போட்டால் சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட பொது நூலகங்களுக்குப் பிரதி கொடுத்தாக வேண்டும். உரிமை பதிப்பாளரிடமே இருக்கும். பிரதி பொதுவில் இருக்கும். அந்தச் சட்டம் புத்தகத்தையும் பத்திரிகையையும் மட்டும் பேசுகிறது. பாட்டுக்கு ஏன் கூடாது? பதிவின் ஒரு நல்ல பிரதி, தேதி, வாசித்தவர்கள் பட்டியல், இவ்வளவும் ஒரு பொதுக் காப்பகத்துக்குப் போகட்டும். விற்கிற உரிமை யாரிடமோ இருந்துவிட்டுப் போகட்டும்.

ரிகார்டிங் கடை இப்போது செல்போன் கடை. அந்தக் கடைக்காரர் கைப்பட எழுதின கேசட் அட்டைகள் பதினேழு என்னிடம் இருக்கின்றன. நாடா பலதும் ஓடவில்லை. அட்டையில் படம், பாடியவர், இசை என்று மூன்று பத்தி. நாலாவதாக ஒரு பத்தி போட அவருக்கும் தோன்றவில்லை, கேட்க எனக்கும் தோன்றவில்லை. மருமகனிடம் அட்டைகளைக் காட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இத எழுதினது யாரு மாமா, அவரு பேரு எங்கயும் போடலயே?" என்றான்.